பதிலாள் தேடுவது யார் பொறுப்பு?

அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் நோய்வாய்ப்பட்டால், அன்று குழந்தைகளைக் கவனிக்கப் பதிலாள் ஏற்பாடு செய்ய வேண்டியவர் யார்? காரிமங்கலம் போன்ற வட்டாரங்களில் இக்கேள்வி அற்பமானதன்று. தோட்ட வேலைக்கும் வயல் வேலைக்கும் விடியற்காலையிலேயே புறப்படும் தாய்மாருக்கு அம்மையமே துணை. அது பூட்டிக் கிடந்தால் ஒன்று தாயின் கூலி போகும். அல்லது குழந்தையைக் காக்க நிறுத்தப்படும் அக்காளின் பள்ளிக்கூடம் போகும்.

1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி ஆரம்பமான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்படி, 400 முதல் 800 ஜனங்களுக்கு ஒரு மையம். மையத்துக்குப் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். இக்கணக்கில் மூன்றாவது நபருக்கு இடமே வைக்கப்படவில்லை. பணியாளர் வராத நாளில் அடுப்பையும் குழந்தைகளையும் உதவியாளரே தனியாகக் கவனிக்க நேருகிறது. இல்லையேல் பக்கத்து மையத்துப் பணியாளருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ கொடுக்கிறார்கள். ஒரு கிராமத்தின் ஓட்டையை அடைக்க மற்றொரு கிராமத்தின் கூரையைப் பிரிப்பது இது. மேலதிகாரிகள் அசட்டையாக இருக்கும் இடங்களிலோ, ஜுரத்தோடு படுத்திருப்பவரே நாலு பேருக்குப் போன் செய்து மன்றாட வேண்டியதுதான். பஸ் கண்டக்டர் ஜுரமாய்ப் படுத்தால் பதில் கண்டக்டரைத் தேடுவது டிப்போவின் வேலை. பச்சைக் குழந்தைகளின் விஷயத்தில் மட்டும் வேறு நியாயமா?

இவர்கள் வெறும் கௌரவ ஊழியர்கள் என்று சர்க்கார் நெடுங்காலமாகச் சொல்லி வந்தது. ஆனால் 2022 ஏப்ரலில், இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி மூலம் இலவச உணவளிப்பதை 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் சர்க்காரின் கடமையாக்கியிருக்கிறது. கடமை சர்க்காருடையதாயின், அதைச் செய்ய ஆள் தேடும் பொறுப்பு மட்டும் நோயாளியின் தலையில் எப்படி விழும்?

செலவைக் காரணம் காட்டுவார்கள். ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு பதிலாள் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் ஒருவரின் பொறுப்பிலுள்ள மையங்கள் அனைத்துக்கும் சேர்த்து, பயிற்சியும் ஊதியமும் பெற்ற பதில் பணியாளர் ஒருவர் போதும். தகவல் கிடைத்ததும் அவரை அனுப்புவது வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் பொறுப்பென எழுத்து மூலம் உத்தரவு பிறக்க வேண்டும். உடல்நலமில்லாதவர் காலையில் ஒரு முறை தகவல் சொல்வதோடு அவர் கடமை தீர்ந்தது. தர்மபுரி ஜில்லா அதிகாரிகள் இந்த ஏற்பாட்டைக் காரிமங்கலம் வட்டாரத்திலேயே முதலில் தொடங்கிப் பார்க்கலாமே!