சுண்ணாம்பு நாட்டில் ஒரு பிளஷர் கார்

வாடகைக்கு ஓடாத, சொந்த உபயோகத்துக்கான காரை நம் கிராமத்துப் பெரியவர்கள் ‘பிளஷர்’ என்றே சொல்லிவந்தார்கள். பிற்பாடு வந்த ‘மகிழுந்து’ என்ற சொல்லும் அதன் நேர்மொழி போலவே ஒலிக்கிறது. பெரம்பலூரிலோ அரியலூரிலோ இன்று பழைய கார் வாங்கப் போகிறவரிடம் தரகர் பேசும் பேச்சில் இந்த மகிழ்ச்சிக்கு இடமே இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளோடு பேரம் முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்கலாம் என்பது நம் கட்சி. இந்த வண்டியில் நால்வர் ஏறி இருநூறு கிலோமீட்டர் போய் இறங்கும்போது, இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாமே என்று தோன்றுமா?

அப்படித் தோன்ற வைப்பதற்கென்றே ஒரு கார் வகையை இத்தாலியர்கள் வளர்த்தெடுத்தார்கள். ‘கிரான் துரிஸ்மோ’ என்று பெயர். பெரும் பயணம் என்று பொருள். 1929இல் ஆல்ஃபா ரோமியோ தன் 6சி 1750 காருக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. 1951இல் வந்த லான்சியா ஆரேலியா பி20 அதற்கு ஓர் இலக்கணமே வகுத்தது. வேகமாகப் போகவேண்டும், களைப்புத் தரக்கூடாது, பெட்டி படுக்கைக்கு இடம் வேண்டும், பார்க்கவும் நன்றாயிருக்கவேண்டும். இதில் நால்வர் உட்காரும் வகையே குடும்பஸ்தருக்கு ஆனது. நம் நாட்டில் இந்த இலக்கணத்தைக் கிட்டத்தட்டவேனும் தொட்ட கார்கள் இரண்டு. இரண்டும் இன்று பழைய வண்டிகளாக மட்டுமே கிடைக்கும்.

முதலாவது நம் ஊர்ச் சரக்கு. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரை வெளியிட்டது. அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. டேவிட் பாக் ஃபெராரி டேடோனாவை மனத்தில் வைத்து வரைந்த வடிவம் அது. 1977இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது. அங்கே அதற்குள் மூன்றரை லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. இங்கே வைத்ததோ பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு வழிவந்த 1991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். அந்த உடலைவிட ஒரு தலைமுறை மூத்தது. பட்டு வேட்டிக்குக் கோணிச் சாக்கில் மேல்துண்டு. கார் விற்கவில்லை, 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடிக் கிடந்து பிறகு அந்த மனையில் மென்பொருள் வளாகம் எழுந்தது.

தமிழ்நாட்டில் செய்த பெரும் பயணக் கார் என்ற பாசம் நமக்கு உண்டு. இருந்தும் தினமும் ஓட்டுவதற்கு இதை வாங்காதீர்கள் என்றே சொல்வோம். இரண்டு மூன்று ஆண்டுகளே செய்யப்பட்ட காரின் பின்விளக்குக் கண்ணாடி உடைந்தால் சென்னை புதுப்பேட்டைச் சந்துகளிலும் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. அதுவரை வண்டி ஷெட்டில் நிற்கும். வாங்கியவர் பேருந்து நிலையத்தில் நிற்பார்.

இரண்டாவது கான்டெஸா. வாக்ஸ்ஹால் வி.எக்ஸ். வரிசையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்யத் தொடங்கிய கார்; 2002இல் நின்றது. முதலில் வந்தவற்றில் அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினே இருந்தது. அந்தப் பெரிய உடலுக்கு அது போதவில்லை. லாரியை முந்துவதற்கு முன் சகுனம் பார்க்கவேண்டியிருக்கும். பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தபின்தான் கார் தன் உருவத்துக்கேற்ற நடையைக் கற்றது. அதற்கும் பிறகு 2 லிட்டர் டீசல் வந்தது. ஆவணத்தில் ஐந்து இருக்கை என்றுதான் இருக்கும். பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டு நடுவில் மேடிட்டுக் கிடப்பதால் பின்னால் இருவர்தான் சுகமாக உட்காரலாம். நால்வர் கார் என்று நாம் அழைப்பது இதனால்தான்.

கான்டெஸாவுக்கு நம் வாக்கு போவதற்கு அழகு பாதிக் காரணம். மீதிப் பாதி அம்பாசிடர். 1990களில் இதே இசுஸு எஞ்சின்கள் அம்பாசிடரிலும் பொருத்தப்பட்டன. அம்பாசிடரோ 2014 மே வரை உத்தர்பாராவில் செய்யப்பட்டது. அரசு அலுவலகங்களிலும் டாக்ஸி நிறுத்தங்களிலும் அவை ஓடித் தீர்த்த ஆண்டுகளில் அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டக் கற்ற கைகள் சிறு ஊர்களில் இன்னும் இருக்கின்றன. பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரம்பலூர் நகரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேறவே 30 கிலோமீட்டர் அரியலூருக்குப் போகவேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு காரின் தகுதி அதைத் திறந்து பார்க்கத் தயங்காத மெக்கானிக் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆகவே காரைத் தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். அவர் வரமாட்டேன் என்று சொல்லும் காரை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

மலிவு என்றதும் டெல்லி கார்கள் நினைவுக்கு வருகின்றன. தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல், பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாதென்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதையும் 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததையும் தொடர்ந்து, அந்த வயதை நெருங்கும் ஜெர்மானியச் சொகுசுக் கார்கள் அங்கே பாதி விலைக்கும் கீழே வந்தன. பி.எம்.டபிள்யூ. 6 வரிசை கிரான் கூப்பே போன்ற அசல் பெரும் பயணக் கார் ஒரு புதிய சிறிய காரின் விலைக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் சபலம் வராது? ஆனால் தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது மலிவில் ஒரு பங்கு கரைந்திருக்கும். மீதியை சிமென்ட் சாலைகள் பார்த்துக்கொள்ளும். மெல்லிய பக்கச்சுவர் கொண்ட டயர், தரையை ஒட்டிய வயிறு, கணினியைச் செருகினால்தான் நோய் சொல்லும் எஞ்சின். பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலையே இருக்கிறது; அதனால் அந்த அளவு டயர் பெரம்பலூர்க் கடையில் இருக்கும் என்று எண்ணிவிடவேண்டாம்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு விஷயம் உண்டு. தரகர்கள் பேசாத விஷயம். அரியலூர் மண் ஒரு காலத்தில் கடல். கிரிட்டேசிய யுகத்துச் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இங்குள்ள சிமென்ட் ஆலைகளின் மூலதனம். 1979இல் அரசு ஆலை வந்தது. டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று தனியார் ஆலைகளும் நிலைகொண்டன. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளின் உறவுதான் பழைய காரின் ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. சுண்ணாம்புப் பாறையில் ஊறிய நிலத்தடி நீர் கடினமானது. எஞ்சின் சூடேறும்போதெல்லாம் வழியில் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியில், அந்த நீர் கொதித்துக் கொதித்து உப்பை உட்சுவரில் விட்டுச்செல்கிறது. டீக்கடைப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதே படிவுதான். குழாய்கள் குறுகிச் சூடு வெளியேற வழியின்றி ஒருநாள் சித்திரை வெயிலில் ஹெட் கேஸ்கட் போகும். பெயிண்ட் பளபளக்கிற, பேப்பர் சரியாக இருக்கிற எத்தனையோ வண்டிகள் இந்தப் படிவினால்தான் செலவு வைக்கின்றன.

ஆகவே உள்ளூரில் ஓடிய கான்டெஸாவைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலைவிட்டுப் பாருங்கள். கூலன்ட் நிறத்தோடு இருந்தால் நல்லது. வெறும் தண்ணீரும் விரலில் வெண்துகளும் வந்தால் ரேடியேட்டர் வேலையின் செலவைச் சொன்ன விலையில் கழித்துவிடுங்கள். வாங்கிய பின் கூலன்டோடு காய்ச்சி வடித்த நீரை மட்டுமே கலந்து ஊற்றவேண்டும்.

தூசியைப் பற்றியும் சொல்லவேண்டும். சிமென்ட்டுத் தூசி பனி ஈரத்தோடு சேர்ந்து பெயிண்டின்மேல் பொருக்குத் தட்டும். காலையில் உலர்ந்த துணியால் துடைப்பது உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் நீரூற்றிக் கரைக்கவேண்டும். கதவின் அடியிலும் ஓரப் பெட்டிகளிலும் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை சேறும் தூசியும் அடைத்துக்கொள்ளும்போது மழைநீர் உள்ளேயே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். அதை மறைக்கப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். மெல்லிய துணியில் பொதிந்த காந்தத்தைக் கதவடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடம் தகரமில்லை, பட்டி.

“அன்றாடத்துக்கு ஒரு மாருதி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கான்டெஸா” என்று நண்பர்கள் சிலர் சமரசம் சொல்வார்கள். நாம் இதை ஏற்பதில்லை. நிற்கும் கார்தான் சீக்கிரம் சாகும். பிரேக் சிலிண்டரின் ரப்பர் இறுகும். கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும். மக்காச்சோளக் களம் பக்கத்தில் இருந்தால் எலி வயரைக் கடிக்கும். 2025இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே எங்கும் என்றாகிவிட்ட பிறகு இன்னொரு தொல்லை. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நெடுநாள் நின்ற டாங்கில் நீர் பிரிந்து அடியில் தங்கும், டாங்க் துருப்பிடிக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது அரிக்கும். எரிபொருள் குழாய்களை எல்லாம் புதிதாக மாற்றிவிட்டுத் தினமும் ஓட்டுவதே பழைய காருக்குச் செய்யும் மரியாதை. திரைபோட்டு மூடி வைப்பது அடக்கம் செய்வதற்கு அடுத்த நிலை.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. அதில் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். கான்டெஸாவில் காற்றுப்பை இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக் இல்லை. சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் இரவில் குழந்தைகளோடு அடிக்கடி போகிறவர், சுண்ணாம்புக்கல் டிப்பர்களுக்கு நடுவே விடியற்காலையில் தினமும் ஓட்டவேண்டியவர், இதை வாங்கவேண்டாம். அவர்களுக்கு 2008இல் இங்கு வந்த எட்டாம் தலைமுறை ஹோண்டா அக்கார்டு போதும். அழகில் ஒரு படி கீழே. ஆனால் நால்வரைக் களைப்பின்றிக் கொண்டுசேர்க்கும், மோதினால் காக்கவும் ஏதோ இருக்கும். உதிரிப்பாகத்துக்குத் திருச்சி போகவேண்டியிருக்கும், அவ்வளவுதான். மற்றவர்கள் கான்டெஸாவை எடுத்தாலும் நான்கு இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட் பொருத்திவிட்டே சாலையில் இறக்கவேண்டும்.

காகிதங்களுக்கு வருவோம். பெரம்பலூருக்கு டி.என். 46, அரியலூருக்கு டி.என். 61. 1995 வரை இரண்டும் திருச்சி மாவட்டம் என்பதால் அக்காலத்து உள்ளூர்க் கான்டெஸாக்களில் டி.என். 45 இருக்கலாம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும், பசுமை வரி கட்டவேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025இல் இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆனது. கடைசிக் கான்டெஸாவுக்கே இருபது வயது தாண்டிவிட்டது. ஆகவே பதிவு எந்த ஆண்டு முடிகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். முன்பு கடனில் வாங்கிய வண்டியானால் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

பெயர் மாற்றத்தில்தான் நம் ஊர்களில் அலட்சியம் அதிகம். கையெழுத்திட்ட படிவம் 29, 30 இரண்டையும் டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு மூன்று கை மாறிய வண்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இப்படிக் கைமாறிக்கொண்டே போன ஒரு கார் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்றவர் வண்டியைக் கண்ணால் பார்த்தே வருடங்களாகியிருந்தாலும் அவர் பெயரில்தான் வழக்கு வரும். வாங்குபவருக்கும் இது நல்லதில்லை. விற்றவர் காலமாகிவிட்டால் வாரிசுகளின் கையெழுத்துக்கு ஊர் ஊராக அலையவேண்டும். வண்டியும் சாவியும் கைக்கு வரும் அன்றே விற்பவரோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் படியேறிவிடுவது உத்தமம்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வெள்ளோட்டம். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு, நால்வர் ஏறி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, பெரம்பலூரிலிருந்து அரியலூர்ச் சாலையில் விடுங்கள். சுமை ஏற்றிய டிப்பர் ஒன்றின் பின்னால், முந்தாமல், இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் பத்துக் கிலோமீட்டர் ஊர்ந்து போகவேண்டும். விற்பவர் “முந்திப் போங்க சார்” என்பார், கேட்காதீர்கள். வாரணவாசி தாண்டும்போது சூட்டு முள் எங்கே நிற்கிறதென்று பாருங்கள்.