மணிலா வானொலியும் லயத்து நேயர்களும்

கிறிஸ்துவ வானொலி என்பது மதமாற்றக்காரர் வீசும் தூண்டில் என்று நம் நகரத்துப் பெரியோர் சிலர் மேடைதோறும் பிரசங்கம் செய்கின்றனர். அத் தூண்டிலில் அகப்பட்டோர் யாவர், அகப்பட்டபின் என்ன செய்தனர் என்று தோட்டத்துப் பக்கம் ஒரு நாளேனும் வந்து பார்த்தாரில்லை. நாம் பார்த்தோம். நாம் அம்மதத்தினர் அல்லோம்; எம்மதத்திற்கும் வக்காலத்து வாங்க வந்தோமும் அல்லோம்.

1969ஆம் ஆண்டில் மணிலாவில் தொடங்கிய வேரித்தாஸ் என்னும் கத்தோலிக்க நிலையம், ஆசிய மொழிகள் பலவற்றில் சிற்றலை வழியே பேசி வந்தது. அதற்குத் தமிழ்ப் பிரிவும் உண்டு. பீடோங்கிற்கு அப்பால் நாம் கிராணி வேலைக்குச் சேர்ந்த தோட்டத்தில், ஒரு மூதாட்டியின் வாசலில் பழைய வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஏழெட்டுப் பெண்கள் அதைச் சுற்றிக் கூடுவர். அவருட் பலர் நெற்றியில் திருநீறு பூசியவரே.

எழுத்தறியாத அவர்களுக்காக நிலையத்திற்குக் கடிதம் வரையும் பணி நமக்கு வாய்த்தது. ஒரு முறை பால்வெட்டுப் பெண்ணொருத்தி, தன் காற்புண் புரையோடியதை எழுதச் சொன்னாள். கல்லும் கரையும் நடையில் எழுதினோம். ஆங்கிலப் பாடசாலை தந்த அழகிய கையெழுத்தில் முகவரியும் எழுதினோம். சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியோ அரைமணி நேரத்து வழி. நம் மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நின்றது. ஆயினும் அந்த எண்ணம் நமக்குத் தோன்றவேயில்லை! மறுநாட் காலை, வானொலி கேட்ட அப்பெண்களே தலைக்கு இரண்டு வெள்ளி போட்டு, டாக்ஸி பிடித்து அவளைக் கொண்டு சேர்த்தனர். பெரட்டுக்கு வரவில்லையென்று அன்று அவர்கள் பெயருக்கெதிரே குறித்தவரும் நாமே.

தூண்டில் என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

குரலின் பெருமை குரலில் இல்லை, கேட்டு எழுந்தவரிடத்தே உள்ளது. மணிலாவே இதற்குச் சாட்சி. 1986 பிப்ரவரி 22இல் மார்கோஸ் ஆட்சியை எதிர்த்த படையினர் முகாமில் ஒடுங்கினர். அவர்களுக்குத் துணை நிற்குமாறும், உணவு கொண்டு செல்லுமாறும் கர்தினால் சின் வேரித்தாஸ் வாயிலாக மக்களை வேண்டினார். லட்சக்கணக்கானோர் எட்சா சாலையில் திரண்டனர். மறுநாள் அரசுப் படையினர் ஒலிபரப்புக் கருவியை நாசமாக்கினர். கருவி போயிற்று, ஜனங்கள் போகவில்லை. 25இல் மார்கோஸ்தான் நாட்டை விட்டுப் போனார்.

நிற்க. அந்நிலையம் 2018 ஜூன் 30உடன் சிற்றலையை நிறுத்தி, இணையத்திற்குக் குடிபெயர்ந்தது. செய்செல்சுத் தீவிலிருந்து பேசிய பீபா என்னும் கிறிஸ்துவ நிலையம் 2003லேயே தன் சிற்றலையை மூடிவிட்டது. சிற்றலைக்கு மின்செலவு மிகுதி என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும், ஏழைக்கென்று எழுந்த குரல் ஏழையின் பெட்டியை விட்டு, மாதந்தோறும் காசு கட்டுவோர் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டதை முன்னேற்றம் என்று எவ்வாறு கைதட்டி வரவேற்பது?

"இன்று கைப்பேசி இல்லாதார் யார்?" என்பர் இளைஞர். இருக்கிறது ஐயா, பேரனிடம் இருக்கிறது. பேரன் பினாங்கில் பாக்டரியில் இருக்கிறான். அவன் வந்து கொடுத்தாலும் என்ன? காதிற் செருகிக் கேட்பது ஒருவர்க்கே ஆகும். ஒரு பெட்டியைச் சுற்றி எட்டுப் பேர் கூடியதனாலன்றோ, ஒருத்தியின் புண் எட்டுப் பேர் கவலையாயிற்று!

மேடைப் பெரியோரே, திருவிழாவுக்கு மூன்று நாள் ஒலிபெருக்கி அலறச் செய்கிறீர்கள். அதைக் கேட்டு எந்த லயத்து நோயாளி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்? அதே ஒலிபெருக்கியை வாரம் ஒரு மாலை தோட்டத்து மண்டபத்தில் வைத்து, ஒரு கைப்பேசியை அதில் மாட்டுங்கள். மின்னல் எப்.எம். ஆகட்டும், மணிலா ஆகட்டும், கூடியிருப்போர் விரும்புவது ஒலிக்கட்டும். மண்டபச் சுவரில், நள்ளிரவிலும் வண்டி எடுத்து வரச் சம்மதிப்போர் பெயர்களை எழுதி ஒட்டுங்கள். கிராணிமார் பெயர் மேலே இருக்கட்டும். நம் பெயரையே முதலாவதாக எழுதிக்கொள்ளலாம்.