வென்றோர் பட்டியலும் விளையாடாதோர் தொகையும்

ஆரம்பப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் நடைபெறும் இல்ல விளையாட்டுப் போட்டிகள் பிள்ளைகளின் உடலை வளர்க்கின்றன, ஒற்றுமையை ஊட்டுகின்றன, வெற்றி தோல்விகளைச் சமமாக ஏற்கும் பக்குவத்தைத் தருகின்றன என மேடைதோறும் கூறப்பட்டு வருகின்றது. இக்கூற்று உண்மையாயின், அப்பயனைப் பெறுவோர் பாடசாலையின் எல்லாப் பிள்ளைகளுமாதல் வேண்டும். ஆனால், போட்டிகளின் முடிவில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியலைச் செவிமடுப்போர்க்கு வேறோர் உண்மை புலனாகும். ஓட்டத்தில் முதலிடம் பெற்ற பெயரே பாய்தலிலும் வரும். பாய்தலில் வந்த பெயரே அஞ்சலோட்டத்திலும் வரும். ஏனைய பிள்ளைகள் அன்று யாது செய்தனர் என்று வினவுவோர் அரியர். அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளுள் நானாட்டான் ஒன்று. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி விளையும் வயல்களும், வங்காலை போன்ற கடற்றொழில் ஊர்களும் ஒருங்கே அமைந்த பிரதேசம் அது. காலபோக நெல் அறுவடையாகும் மாதங்களும், முதலாந் தவணையில் இல்லப் போட்டிகள் நடைபெறும் மாதங்களும் அங்கு ஏறத்தாழ ஒன்றே. அறுவடை முடிந்த வயலிலோ கோயில் வீதியிலோ மாலை வேளையில் கூடும் பிள்ளைகள் கிளித்தட்டு மறிக்கும்போது, ஓட வல்லவனும் ஓட மாட்டாதவனும் ஒரே ஆட்டத்தில் இடம் பெறுகின்றனர். வேகமில்லாதவன் கோட்டைக் காக்கின்றான், வேகமுள்ளவன் கிளியாகின்றான். மிகச் சிறிய பிள்ளையையும் ‘உப்புக்குச் சப்பாணி’ எனச் சேர்த்துக்கொண்டு, தொட்டாலும் ஆட்டமிழக்காத சலுகையை அதற்கு வழங்குகின்றனர். சிறியோனை ஆட்டத்தினின்று நீக்கக்கூடாது என்னும் நீதியைக் கல்வித் திணைக்களம் எதுவும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

அதே பிள்ளைகள் பாடசாலை மைதானத்தினுள் நுழைந்ததும் இந்நீதி தலைகீழாகின்றது. நானாட்டானில் மட்டுமன்றி வடபகுதி எங்கணும் வழமையாகிவிட்ட முறை யாவரும் அறிந்ததே. விழா நாளுக்கு முன்னரே தெரிவுப் போட்டிகள் நடத்தப்பட்டுப் பெரும்பாலான பிள்ளைகள் கழிக்கப்படுகின்றனர். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் உளர் என வைத்துக்கொள்ளலாம். மூன்று இல்லங்களிலுமிருந்து இருவர் வீதம் அறுவர் ஓடுகின்றனர். மூவர் பரிசு பெறுகின்றனர். எஞ்சிய இருபத்துநால்வரும் இல்லக் கொடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அமர்ந்து கைதட்டுகின்றனர். மங்கல விளக்கேற்றல், கொடியேற்றல், அணிநடை, சத்தியப்பிரமாணம், வரவேற்புரை, விருந்தினர் உரை, பரிசளிப்பு, நன்றியுரை என நீளும் நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்குரிய பகுதி கைதட்டல் ஒன்றே. விளையாட்டு விழாவில் விளையாடாதோர் தொகை விளையாடுவோர் தொகையிலும் பன்மடங்காயிருத்தல் முரண்பாடென எவருக்கும் தோன்றுவதில்லை.

இம்முறை எங்கிருந்து வந்தது என்பதும் நோக்கற்பாலது. இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் ‘இல்லம்’ என்பது மாணவன் உண்டு, உறங்கி, வாழ்ந்த மனை. ஆதலின் இல்லங்களுக்கிடையிலான போட்டிக்கு அங்கு ஒரு பொருள் இருந்தது. பிற்பகலில் தன் வீட்டுக்குத் திரும்பும் நானாட்டான் பிள்ளைக்கோ இல்லம் என்பது சட்டைக்கு இடப்பட்ட ஒரு நிறம் மாத்திரமே. இங்கிலாந்தில் விளையாட்டு நாள் கோடைத் தவணைக்குரியது. வெயில் அங்கே அரிதாகக் கிட்டும் வரம். மன்னாரின் வரண்ட நிலத்திலோ பங்குனி வெயில் வரமன்று. முட்டையைக் கரண்டியில் ஏந்தி ஓடிய ஆங்கிலப் பிள்ளையின் ஓட்டம் இங்கு தேசிக்காய் ஓட்டமாயிற்று. முட்டை மாறியது, சட்டகம் மாறவில்லை. மிஷன் பாடசாலைகள் வழியே வந்த இம்மரபு எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டம் ‘வடக்கின் பெருஞ்சமர்’ எனப் பெயர் பெற்றமையே சான்று. பதினெட்டு வயது இளைஞர் ஆடுவதைச் சமர் என்றழைத்தல் ஒருபுறமிருக்க, ஆறு வயதுப் பிள்ளைக்கும் அச்சமரின் விதிகளையே வகுத்தல் எவ்வாறு பொருந்தும்?

இரவல் வாங்கியது குற்றமன்று. வாங்கியதைத் தனதாக்கிக் கொள்ளாமையே குற்றம். யப்பானும் பிரித்தானியரிடமிருந்தே இதனைப் பெற்றது. 1874இல் டோக்கியோவிலிருந்த கடற்படைக் கல்லூரியில், பிரித்தானியப் பயிற்றுநர் முன்னிலையில் நடந்த போட்டியே அந்நாட்டுப் பாடசாலை விளையாட்டு விழாவின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், யப்பானியர் அதனைத் தம் இயல்புக்கேற்ப மாற்றினர். பிள்ளைகள் யாவரும் செவ்வணி, வெள்ளணி என இரண்டாகப் பிரிகின்றனர். உயர்ந்த கம்பத்திலுள்ள கூடையினுள் நூற்றுக்கணக்கான சிறு பந்துகளை ஓரணிப் பிள்ளைகள் அனைவரும் ஒருங்கே எறிகின்றனர், வடம் இழுக்கின்றனர், ஆடுகின்றனர். அங்கும் ஓட்டப் போட்டி உண்டு, வெற்றியும் உண்டு. ஆனால், கைதட்டுவதற்கென்றே ஒரு பிள்ளை மைதானத்துக்கு அழைக்கப்படுவதில்லை.

இனி, பட்டியலில் ஏறும் பெயர்களாவது பிள்ளைகளின் திறமையை உள்ளவாறு காட்டுகின்றனவா? இலங்கையில் ஜனவரி 31ஆந் திகதியன்று ஐந்து வயதை நிறைவு செய்த பிள்ளை முதலாந் தரத்திற் சேர்க்கப்படுகின்றது. அதனால், ஜனவரி இறுதியிற் பிறந்த பிள்ளையும், அதற்கு முந்திய ஆண்டின் பெப்ரவரித் தொடக்கத்திற் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றன. இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு உண்டு. முப்பது வயதினர் இருவருக்கிடையில் ஓராண்டு பெரிதன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அது வாழ்நாளில் ஐந்திலொரு பங்கு. உயரம், கால்வலு, உடற்சமநிலை ஆகிய யாவும் அவ்வோராண்டில் மாறுகின்றன. கனடாவின் பனித்தரை ஹொக்கி வீரர்களை 1980களில் ஆராய்ந்த உளவியலாளர், வயதெல்லை தொடங்கும் மாதங்களிற் பிறந்தோரே மிகுதியாகத் தெரிவாவதைக் கண்டனர். முதலில் தெரிவானவன் பயிற்சியும் பாராட்டும் பெறுகின்றான். அதனால் மெய்யாகவே வல்லவனாகின்றான். கழிக்கப்பட்டவனோ, தனக்கு ஓட வராது என நம்பத் தொடங்குகின்றான். ஒலிபெருக்கி வாசித்த முடிவு பெருமளவுக்குப் பிறந்த மாதத்தின் முடிவாயிருக்க, பிள்ளை அதனைத் தன் உடலின் தீர்ப்பாகக் கொள்கின்றது. அத்தீர்ப்பைப் பின்னர் மாற்றி எழுதுவோர் எவருமிலர்.

இவ்விடத்துச் சில மறுப்புகள் எழுதல் இயல்பே. சிறு வயதிலேயே வல்லவரைத் தெரிந்தெடுக்காவிடில் நாளைய வீரர் எங்ஙனம் தோன்றுவர் என்பது முதல் மறுப்பு. 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் களம் கண்டு, 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். அப்பதக்கம் அவர் இருபது வயதைக் கடந்த பின்னர் கிடைத்தது. உயரம் பாய்பவனின் உடல் குமரப் பருவத்திலேயே உருவாகின்றது. அதனை முதலாந் தரத்தில் எவரும் அளந்தறிதல் இயலாது.

நோர்வேயின் நடைமுறை இம்மறுப்புக்கு மேலும் தெளிவான விடையாகும். பிள்ளைகளின் விளையாட்டு உரிமைகள் பற்றி அந்நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் வகுத்த விதிகளின்படி, பதினொரு வயதுக்கு முன்னர் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடுதல் ஆகாது. தேசிய மட்டப் போட்டிகள் பதின்மூன்று வயதுக்கு முன்னர் இல்லை. இங்ஙனம் பட்டியலின்றி வளர்ந்த பிள்ளைகளைக் கொண்ட, ஏறக்குறைய 55 இலட்சம் மக்களே வாழும் அந்நாடு, 2018ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களையும், 2022இல் 16 தங்கங்களையும் வென்று முதலிடம் பெற்றது. அந்நாட்டின் பனியும் செல்வமும் நானாட்டானுக்கு இல்லை என்பது மெய்யே. ஆயினும், பட்டியலை ஒத்திவைத்தால் வீரம் அழிந்துவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது என்பதற்கு இதுவே போதும்.

வாழ்க்கையே போட்டியாதலின் பிள்ளை அதற்குப் பழக வேண்டும் என்பது இரண்டாம் மறுப்பு. நானாட்டான் பிள்ளைக்கு வாழ்க்கையின் கடுமையைப் பாடசாலை கற்பித்தல் வேண்டா. 2009இல் முடிவுற்ற போரும் இடப்பெயர்வும் அப்பிள்ளையின் பெற்றோர்க்கு அதனைக் கற்பித்துவிட்டன. பொய்க்கும் மழையும் வற்றும் குளமும் பிள்ளைக்கு அதனைக் கற்பித்துக்கொண்டேயிருக்கின்றன. அன்றியும், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தன் வெட்டுப்புள்ளியுடன் காத்திருக்கின்றது. அறிவை அளந்து பிள்ளைகளைப் பிரிக்கும் அப்பரீட்சையின் நிழல் வகுப்பறை முழுவதும் கவிந்திருக்கையில், அந்நிழல் விழாத இடமாக மைதானமாவது இருத்தல் வேண்டாவா? வகுப்பறையிற் பின்தங்கிய பிள்ளை தலைநிமிரக்கூடிய ஒரே இடத்திலும் அதே வெட்டுப்புள்ளியை நாட்டுவது கல்வியாகாது.

1998இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை முதன்மை நிலைகளாக வகுத்து, விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையைப் போன்றே கற்றலின் வழிகள் என ஏற்றது. முதலாம், இரண்டாந் தரங்களில் விளையாட்டே முதன்மையான வழியெனக் கொள்ளப்பட்டது. ஏட்டளவில் இவ்வாறிருக்க, ‘செயற்பட்டு மகிழ்வோம்’ என ஆரம்பப் பிரிவினர்க்காக அழகிய பெயருடன் அமைக்கப்பட்ட நிகழ்ச்சிகள்கூட வலய மட்டத்தில் இடங்கள் அறிவிக்கும் போட்டிகளாக நடத்தப்படுவதுண்டு. மூன்று பாடசாலைகள் வென்று, ஏனையவை வெறுங்கையுடன் திரும்புமாயின், செயற்பட்டவர் அனைவர். மகிழ்ந்தவர் எத்தனை பேர்? சிறுவர் உரிமைகள் பற்றிய 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாடும் உரிமையைப் பிள்ளைகள் அனைவர்க்கும் வழங்குகின்றது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுறுதி செய்தது. அவ்வுரிமை தெரிவுப் போட்டியில் தேறியோர்க்கு மட்டும் உரியதன்று.

தமிழ் மரபும் இதற்கு மாறானதன்று. தொல்காப்பிய உரியியல் விளையாட்டு என்னும் பொருளில் ‘பண்ணை’ என்னுஞ் சொல்லைக் குறிக்கின்றது. அதே சொல் வயலையும் மக்கட் கூட்டத்தையும் உணர்த்துதல் சிந்தித்தற்குரியது. வயல்சூழ் நானாட்டானுக்கு அதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. பிள்ளைத்தமிழ் வகுக்கும் பத்துப் பருவங்களுள் ஆண்பாற்குரிய இறுதி மூன்றும் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என விளையாட்டுக்களே. பெண்பாற்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் உரியன. இவற்றுள் எதிலேனும் முதலிடம், இரண்டாமிடம் உண்டா? பிள்ளை விளையாடுவதே அங்குப் பாடுபொருள், பிள்ளை வெல்வதன்று.

ஆதலின், செய்யத்தக்கவை சில. தெரிவுப் போட்டிகள் ஆரம்பப் பிரிவில் ஒழிக்கப்படுதல் வேண்டும். மைதானத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று விளையாட்டுக்களிலாவது பங்குகொள்ளல் வேண்டும். தவணைத் தொடக்கத்தில் ஒரு பிள்ளை பாய்ந்த நீளத்தையும் தவணை முடிவில் பாய்ந்த நீளத்தையும் அளந்து, அப்பிள்ளையை அப்பிள்ளையோடே ஒப்பிடல் வேண்டும். இதற்கு அளவு நாடாவும் ஒரு கொப்பியும் போதும். ஓட்டப் போட்டி வேண்டுமெனின், பிறந்த மாதத்தைக் கருதி அரையாண்டுக்கொரு பிரிவாக ஓடவிடலாம். விழா காலை வெயில் ஏறுமுன் முடிதல் வேண்டும். உரைகள் குறைதல் வேண்டும். பந்தலுக்கும் வெற்றிக் கிண்ணங்களுக்கும் இல்ல அலங்காரத்துக்கும் செலவாகும் பணம் பந்துகளாகவும் கயிறுகளாகவும் பாடசாலையில் ஆண்டு முழுவதும் தங்குதல் வேண்டும். அணிநடைப் பயிற்சிக்குச் செலவாகும் பாடவேளைகள் மெய்யான விளையாட்டுக்கு வழங்கப்படல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் அமைச்சின் நிதி வேண்டியதில்லை. அதிபரும் ஆசிரியரும் பெற்றோரும் ஒருமித்துத் துணிந்தால் அடுத்த தவணையிலேயே நிறைவேறக் கூடியவை இவை. அன்றைய கூலியை இழந்து மைதானத்துக்கு வரும் தாய் காண விரும்புவது பிறர் பிள்ளையின் கிண்ணத்தையன்று. தன் பிள்ளை ஓடுவதை. முடிவுகளை வெளியிட்டேயாக வேண்டுமெனின் அவை வெளிவரட்டும். ஆனால் அப்பட்டியலின் நீளம் பாடசாலை இடாப்பின் நீளத்துக்குக் குறையாதிருக்கட்டும்.