இருநூறு சத்தத்தில் உங்களுக்கு எத்தனை வேணும்?

மாமியின் மகனுக்கு 16 வயது. ஹரோவில் இருக்கிறான். கோடை விடுமுறை முழுக்க வேலை செய்து சேர்த்த காசில் எலெக்ரிக் கிற்றாருக்கு ஒரு மல்ரி எஃபெக்ற்ஸ் வாங்கப் போகிறானாம். வாட்ஸ்அப்பில் மூன்று லிங்க் அனுப்பினான். மூன்றும் 1000 பவுண்டுக்கு மேல். "அக்கா, இதில எது பெஸ்ற்?"

"மூண்டும் வேண்டாம்" என்று எழுதினேன்.

"உங்களுக்கென்ன, உங்களிட்ட எல்லாம் இருக்கு" என்று பதில் வந்தது. பிறகு இரண்டு நாள் கதையில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஈஸ்ட் ஹாமிலும் ரூட்டிங்கிலும் இதே மூன்று லிங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கிற்றாரின் சத்தத்தை மாற்றும் பெடல்கள் பலவற்றையும், அம்பையும், அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் கணக்குகளாக மாற்றி ஒரே பெட்டிக்குள் அடைத்தால் அதுதான் மல்ரி எஃபெக்ற்ஸ். இந்த எண்ணம் நேற்று வந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் இதே லண்டனில், பட்னியில், ஈஎம்எஸ் என்ற சின்ன நிறுவனம் சின்தி ஹை-ஃப்ளை என்று ஒன்றைச் செய்தது. ஃபஸ், ஃபேசிங், ஒக்ரேவ் எல்லாம் ஒரே உடம்பில், காலுக்கு இரண்டு பெடலோடு. விண்வெளிப் படத்தில் வருகிற சாமான் போல இருக்கும். ஆகவே "இதெல்லாம் இப்பத்தைய பிள்ளைகளின்ர கொம்பியூற்றர் விளையாட்டு" என்று யாராவது அங்கிள் சொன்னால், அது அவர் பெல்பொட்டம் போட்ட காலத்துச் சாமான் என்று சொல்லுங்கள்.

அந்த அங்கிளிடம் இருந்தே தொடங்குவோம். ஒவ்வொரு குடும்பத்திலும், ஒவ்வொரு கிற்றார் கடையிலும் ஒருவர் இருப்பார். வால்வ் அம்ப் இல்லாவிட்டால் அது கிற்றாரே இல்லை என்பார். நான் 17 வயதில் மத்திய லண்டனில் ஒரு கடைக்குப் போய் மல்ரி எஃபெக்ற்ஸ் இருக்கிறதா என்று கேட்டபோது, அங்கே நின்றவர் முதலில் கேட்டது "தம்பிக்கா?" என்று. எனக்குத்தான் என்றேன். அப்படியென்றால் காசைச் சேர்த்து ஒரு நல்ல வால்வ் அம்ப் வாங்கச் சொன்னார். நாங்கள் அப்போது ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை ஃப்ளற்றில் ஐந்து பேர் இருந்தோம்.

வால்வ் அம்ப் அழகான சாமான்தான், மறுக்கவில்லை. ஜிம் மார்ஷல் ஹான்வெல்லில், அக்ஸ்பிறிட்ஜ் றோட்டில், 1960இல் திறந்த கடையில்தான் 1962இல் முதல் மார்ஷல் அம்ப் பிறந்தது. சவுத்தோலுக்குப் பக்கத்து ஊர். நாங்கள் சாமான் வாங்கப் போகிற பாதை. ஆனால் அந்த அம்பின் குரல் வர வேண்டுமென்றால் வால்வுகளை நன்றாக முறுக்க வேண்டும். முறுக்கினால் சத்தம் கூடும். "சின்ன வால்வ் அம்ப் வாங்கு" என்பது அடுத்த புத்திமதி. 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபல்தான். காதுக்கு அது ஏறக்குறையப் பாதிச் சத்தம், பத்தில் ஒன்று இல்லை. ஒற்றைச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பங்குபோடுகிற ரெரஸ் வீட்டில், அப்பா இரவு வேலை முடித்து வந்து பகலில் படுத்திருக்க, நீங்கள் எதை முறுக்கப் போகிறீர்கள்? வால்வ் அம்ப் பற்றிய அந்தப் புத்திமதி தனி வீடும் கராஜும் இருக்கிறவர்களின் புத்திமதி. எங்களில் பலருக்கு ஹெட்போன் துளை இருக்கிற பெட்டிதான் எலெக்ரிக் கிற்றார் படிப்பதற்கான ஒரே வழி. அதைக் குறைந்த சாமான் என்று சொல்கிறவரிடம் எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் அந்தப் பக்கம் பேசிவிட்டேன் என்பதற்காக இந்தப் பக்கத்து விளம்பரக்காரரை விடப்போவதில்லை.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும்: இத்தனை அம்ப், இத்தனை எஃபெக்ற், இத்தனை பிறீசெற். 200, 300 என்று போகும். கல்யாண வீட்டில் எத்தனை கறி என்று எண்ணுகிற மாதிரி. நீங்கள் சாப்பிடப் போவது சோறும் நாலு கறியும். நான் பத்து வருடமாக வாசிக்கிறேன்; என் பெட்டியில் நான் உண்மையில் பாவிக்கிற சத்தம் ஐந்து. பெரிய பெட்டி வாங்கிய நண்பர்களை எனக்குத் தெரியும். இரவிரவாகக் குமிழ் திருகுவார்கள். அம்ப் மொடல் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவார்கள். மைக்கை ஸ்பீக்கரில் இருந்து ஒரு இஞ்சி தள்ளி வைத்தால் எப்படி என்று பார்ப்பார்கள். ஒரு பாட்டை முழுதாக வாசிக்கச் சொன்னால் வராது. குவாட் கோர்ரெக்ஸ் கெட்ட கருவியில்லை, ஹீலிக்ஸ் கெட்ட கருவியில்லை. மேடையேறி உழைக்கிறவருக்கு அவை வேலைச் சாமான். 16 வயதில் அது இரண்டு வருடக் காசு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூரியூப்பில் இவற்றை வாசித்துக் காட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள். மெற்றல் றிஃப் ஒன்று, புளூஸ் ஒன்று, எதிரொலி போட்ட சேர்ச் கோட்ஸ் ஒன்று. அதற்கு நல்லதா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். நீங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்தது வேறு. சனிக்கிழமை வயலின் வகுப்பில் படித்தது வேறு. அதற்கு இந்தப் பெட்டி சரிவருமா என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் நொய்ஸ் கேற். டிஸ்ரோர்ஷன் போட்டால் கிற்றார் சும்மா இருக்கும்போதும் இரையும். சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் கேற் கதவைச் சாத்திவிடும். கம்பெனி செய்து வைத்த பலத்த பிறீசெற்றுகளில் பெரும்பாலும் இது இறுக்கமாக இருக்கும், ஏனென்றால் மெற்றல் வாசிக்கிறவருக்கு அடித்ததும் நிற்க வேண்டும். எங்களுக்கு அது நஞ்சு. தோடியின் காந்தாரத்தை ஒரே ஒரு மீட்டில் அசைத்துப் பாருங்கள். மீட்டிய பிறகுதான் சுரம் பயணம் போகிறது. சத்தம் தேய்ந்துகொண்டு வரும்போதுதான் கமகத்தின் வால் இருக்கிறது. கேற் அந்த வாலை வெட்டிவிடும். "எலெக்ரிக் கிற்றாரில கமகம் வராது" என்று என்னிடம் சொன்ன ஒரு பெடியனின் பெட்டியில் நான் கேற்றை மட்டும் நிற்பாட்டினேன். வந்தது.

மின்சாரம் கர்நாடக இசைக்கு எதிரி என்று நினைக்கிறவர்கள் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸை மறந்துவிட்டார்கள். ஐந்து தந்தி போட்ட எலெக்ரிக் மாண்டலினில்தான் அவர் உலகத்தை இருத்திக் கேட்க வைத்தார். ராணிப்பேட்டையில் பிறந்த கிற்றார் பிரசன்னா எலெக்ரிக் கிற்றாரில் முழுக் கச்சேரி வாசிக்கிறவர். ஹென்றிக்ஸுக்கு மரியாதையாக 2006இல் ஒரு அல்பமே போட்டார். மீட்டின பிறகு சுரம் நிலைத்து நிற்க வேண்டும் என்பதுதான் தந்தி வாத்தியக்காரரின் பழைய கவலை. கொம்பிறெஸரும் அளவான டிஸ்ரோர்ஷனும் அதைத்தான் தருகின்றன. ஆக, கொம்பிறெஸர் நல்லதா என்று பாருங்கள். எத்தனை அம்ப் என்று எண்ணுவதை விட அது பெறுமதி.

கால் பெடல் ஒன்று கட்டாயம். வோலியத்தைக் காலால் மூடி, மீட்டி, மெல்லத் திறந்தால் மீட்டின 'டங்' போய்விடும், வயலின் வில் மாதிரிச் சத்தம் எழும்பும். பிறகு லூப்பர். 30 செக்கன் போதும். ஸபஸ இப்படி எழுப்பிப் பதிந்து சுற்ற விட்டால் உங்கள் சுருதிப்பெட்டி அதுதான். அதன் மேல் இரவு முழுக்க ஆலாபனை செய்யலாம். ஹார்மனைஸர் என்று விலை கூட்டிச் சொல்வார்கள், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். மேஜர், மைனர் தெரிந்த அந்தப் புத்திசாலிக்கு மாயாமாளவகௌளை தெரியாது. சிலவற்றில் சொந்த ஸ்கேலை எழுதலாம். எழுதினாலும், சுரத்தை அசைத்தால் அது எந்தப் படியில் நிற்பது என்று தெரியாமல் துள்ளும்.

இனி எல்லோரும் விடுகிற பிழை. ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கப் சிமுலேஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஹெட்போனுக்கோ மண்டபத்து மிக்ஸருக்கோ போகும்போது அது போட்டிருக்க வேண்டும்; உண்மையான கிற்றார் அம்புக்குள் போகும்போது நிற்பாட்ட வேண்டும். கிற்றார் ஸ்பீக்கர் 5000 ஹேர்ட்ஸுக்கு மேலே அதிகம் பேசாது. அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்ரோர்ஷனை நேரே கேட்டால் போத்தலுக்குள் குளவி. தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவில் கீபோர்ட் அண்ணா முன்னால், ஒக்ரபாட் ஒரு பக்கம், கிற்றார் பிள்ளை பின்னால் நின்று குளவி விடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாவம், அந்தப் பிள்ளையில் பிழையில்லை. ஒரு பட்டன்.

"டிஜிற்றல் எண்டா பிந்தி வரும்" என்றும் பயமுறுத்துவார்கள். ஒரு மில்லி செக்கனில் சத்தம் காற்றில் 34 சென்ரிமீற்றர் போகும். பெட்டி மூன்று மில்லி செக்கன் எடுத்தால் அம்பில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமன். மேடையில் அதை விடத் தூரத்தில்தான் நிற்பீர்கள்.

அப்போ எதை வாங்குவது? பொஸ் ஜீரீ-1 மாதிரி ஒன்று. பென்சில் பற்றரியில் ஓடும், கால் பெடல் இருக்கிறது, யூஎஸ்பியால் நேரே கொம்பியூற்றரில் பதியலாம். இன்னும் குறைந்த காசென்றால் சூம் ஜீ1எக்ஸ் ஃபோர். கால் பெடலும் லூப்பரும் அதிலும் உண்டு, ஆனால் யூஎஸ்பியால் ஒலிப்பதிவு செய்ய முடியாது. துளை இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்றால் இரண்டாம் கை ஹெச்எக்ஸ் ஸ்ரொம்ப். 2018இல் வந்தபோது ஒரே நேரத்தில் ஆறு எஃபெக்ற்தான் போடலாம். பிறகு இலவச அப்டேற்றில் எட்டாக்கினார்கள். அதாவது பழையதை வாங்கினாலும் புதியது கிடைக்கும். இரண்டாம் கையில் வாங்கும்போது ஒவ்வொரு மிதிபட்டனையும் மிதித்துப் பாருங்கள், ஜக்கை ஆட்டிப் பாருங்கள், அதற்குரிய அடப்ரரோடு வாங்குங்கள். நல்ல லப்ரொப்பும் ஓடியோ இன்ரர்ஃபேஸும் ஏற்கெனவே இருந்தால் ஒரு சதமும் வேண்டாம்: நியூரல் அம்ப் மொடலர் இலவசம்.

மலிவுச் சாமானில் என்ன வரும் என்று கேட்பவருக்கு மிச்சத்தில் வளர்ந்த மாயாவைக் காட்டுங்கள். எம்.ஐ.ஏ. தன் முதல் பாட்டுக்களின் டெமோவைச் செய்தது ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில். பீச்சஸ் என்ற பாடகிதான் அதைப் பாவிக்கத் தூண்டினவர். சாமான் அவருடையது கூட இல்லை, இரவல். 2005இல் 'அருளர்' வந்தது. அந்தப் பெட்டியில் எத்தனை பிறீசெற் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா அப்பாமாருக்கும் ஒன்று. அரங்கேற்றத்துக்கு மண்டபம், சென்னையில் இருந்து பக்கவாத்தியம், நகை, பட்டு, அழைப்பிதழ் என்று ஆயிரக்கணக்கில் கொட்டுகிறோம். என் தங்கச்சியின் அரங்கேற்றத்தில் முன்வரிசையில் இருந்து அழுதவள் நான், அதை நக்கலடிக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமையே சலங்கை பெட்டிக்குள் போனது. அதே வீட்டில் நான் 150 பவுண்ட் கேட்டபோது "இந்த இரைச்சலுக்கா, அதுவும் பொம்பிளைப்பிள்ளை" என்றார்கள். கிற்றார் எங்களுக்கு வெள்ளைக்காரன் தந்த பழக்கமில்லையே. நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு 'சின்ன மாமியே' பாடிய காலத்தில் ஆடாத கால் யாழ்ப்பாணத்தில் இருந்ததா? இப்போது எங்களைக் குறை சொல்கிற மாமாமாரின் கால்தானே அது.

ஹெட்போனைப் புகழ்ந்து எழுதிவிட்டேன், அதிலும் ஒரு கேடு உண்டு. மூன்று வருடம் நான் வாசித்தது வீட்டில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் போனில் நோண்டிக்கொண்டிருக்கிறேன் என்றே அம்மம்மா நினைத்திருந்தார். ஒரு ஞாயிறு பின்னேரம் பெட்டியை ரீவி ஸ்பீக்கரில் கொழுவி அந்தப் பாட்டையே வாசித்தேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு வந்து இருந்தார். "திரும்ப வாசி" என்றார். கிழமைக்கு ஒருதரமாவது ஹெட்போனைக் கழற்றுங்கள். காலை 7 மணிக்கும் இரவு 11க்கும் இடையில்.

மாமியின் மகன் கடைசியில் இரண்டாம் கை ஜீரீ-1 ஒன்று வாங்கினான். மிச்சக் காசு பாங்கில். நேற்று 40 செக்கன் வொய்ஸ் நோட் அனுப்பினான், மோகனம் மாதிரி ஏதோ. நல்லாயிருந்தது, ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவும் கத்தரிக்கோலால் வெட்டினது போல. "கேற்றை நிப்பாட்டினனியா?" என்று கேட்டேன்.

"எந்தக் கேற் அக்கா? முன் கேற்றா?"