துபாயில் வீடு இருந்தால் வரி இல்லையா?

துபாயில் ஒரு ஃப்ளாட், கையில் ஒரு லேப்டாப், ஆன்லைனில் வியாபாரம். "அங்கே வரியே கிடையாது ஹஜ்ரத்" என்று நம்மிடம் நிம்மதியாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த நிம்மதி சரிதானா?

வீடு எங்கே என்று இந்திய வரிச் சட்டம் கேட்பதில்லை. எத்தனை நாள் எங்கே இருந்தோம், வருமானம் எங்கே உருவானது என்றே கேட்கிறது. ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் ஊரில் தங்கினாலே நாம் இந்தியாவில் வசிப்பவர். பல்லாண்டு கழித்துத் திரும்பியவருக்குச் சில காலம் சலுகை உண்டு. ஆனால் இங்கிருந்து நடத்தும் வெளிநாட்டு வியாபாரத்துக்கு அது பொருந்தாது. சலுகைக் காலம் முடிந்தபின் துபாய் லாபத்தோடு அந்த ஃப்ளாட்டையும் வங்கிக் கணக்கையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். வீட்டை மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

துபாயும் பழைய துபாய் அல்ல. 2018 முதல் 5 சதவீத வாட் இருக்கிறது. 2023 ஜூனில் நிறுவன வரியும் வந்தது. ஆண்டு விற்பனை 10 லட்சம் திர்ஹத்தைத் தாண்டினால் தனிநபர் வியாபாரியும் அதில் அடங்குவார்; 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம்.

"ஜகாத் கொடுத்துவிட்டோமே" என்பதும் பதிலாகாது. ஜகாத் அல்லாஹ் விதித்த கடமை. வரி, வாழும் நாட்டோடு நாம் செய்துகொண்ட உடன்பாட்டின் பாக்கி. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை அடைக்க முடியாது.

பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து நாட்களை எண்ணுவோம். அந்தக் கணக்கோடு ஆடிட்டரிடம் போவோம். ஹலாலான சம்பாத்தியத்தின் கணக்கும் சுத்தமாக இருக்கட்டும்.