குஞ்சு செத்தால் நட்டம் யார் தலையில்?



நாட்டுக்கோழிக் குஞ்சுக்குப் போனில் சொல்லி, முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டிவிட்டு, பஸ் பார்சலுக்காக ராத்திரி ஸ்டாண்டில் காத்துக் கிடக்கிறோம். பெட்டியைத் திறந்தால் பாதி விறைச்சுக் கிடக்கு. "ஏத்திவிட்டதோட எங்க பொறுப்பு முடிஞ்சது" என்கிறார் பொரிப்பகத்துக்காரர். பஸ்காரர் வாயே திறப்பதில்லை. என்னங்க நியாயம் இது?

பொரியும் முன்பே மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனி, தண்ணீர் இல்லாமல் தாங்கும். அந்தக் கெடு பொரிச்ச நேரத்திலிருந்து ஓடுகிறது, பஸ் ஏறின நேரத்திலிருந்து அல்ல. அமெரிக்காவில் 1918 முதல் தபாலிலேயே குஞ்சு போகிறது. பொரிச்ச 72 மணி நேரத்துக்குள் சேர்த்தாக வேண்டும் என்று விதியே இருக்கு. நமக்கு வரும் பெட்டியில் தேதிகூட இல்லை! விற்காமல் தேங்கினதை நம்ம தலையில் கட்டினாலும் எப்படிக் கண்டுபிடிப்பது?

மேரெக்ஸ் ஊசியும் பொரிப்பகத்திலேயே முதல் நாள் போட வேண்டியது. போட்டாச்சு என்று வாயால்தான் சொல்கிறார்கள்.

பொரிச்ச தேதியையும் நேரத்தையும் பெட்டி மேல் ஒட்டு! ஊசி போட்டதைப் பில்லில் எழுது! செத்து வந்த குஞ்சுக்கு மாற்றுக் குஞ்சு கொடு! எழுதிக் கொடுக்காத பொரிப்பகத்துக்கு நம்ம சங்கத்தார் ஒரு பைசா முன்பணம் கட்ட வேண்டாம்.