வெள்ளம் வடிந்த வாசலில் சேற்றை அள்ளுவது யார்? அப்பாவா?

மழை விட்டது. தண்ணீர் வடிந்தது. கரண்ட்டும் வந்துவிட்டது. செய்தி சேனல்களைப் பொறுத்தவரை வெள்ளம் அத்தோடு முடிந்தது. ஆனால், முடிச்சூரிலோ வரதராஜபுரத்திலோ ஏரலிலோ சொந்த வீட்டில் தனியாக இருக்கும் வயதான தம்பதிக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பம். கேட்டிலிருந்து பின்பக்கத் துணி துவைக்கிற கல் வரைக்கும் சேறு. முறிந்து விழுந்த முருங்கை. எங்கிருந்தோ மிதந்து வந்த தெர்மாகோல், தென்னை மட்டை, பக்கத்து வீட்டுக் குடம்.

பெங்களூரிலிருந்து போன் வரும். "அப்பா, நீங்க எதையும் தூக்காதீங்க. ஆள் வச்சுப் பாத்துக்கோங்க, நான் ஜிபே பண்ணிடறேன்." அப்பாவும் "சரிப்பா" என்பார். போனை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுப்பார்.

ஏன் எடுக்கிறார்? ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஆள் வேண்டும். பணம் எவ்வளவு அனுப்பினாலும், அதை வாங்கிக்கொண்டு வேலை செய்யக் கைகள் இருக்காது. வெள்ளத்துக்குப் பிந்தைய இந்தப் பிரச்சினையைப் பணப் பிரச்சினையாகப் பார்ப்பதுதான் குடும்பங்களும் அரசும் சேர்ந்து செய்யும் தவறு.

ஒரு வாசல் சேறு எவ்வளவு கனம்?

கணக்குப் போட்டால் புரியும். 20 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள ஒரு சின்ன வாசல். அதில் நாலு அங்குலம் சேறு படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 கன அடி. ஈரமான சேறு ஒரு கன அடிக்குச் சுமார் 45 முதல் 50 கிலோ இருக்கும். அப்படியென்றால் அந்த வாசலில் கிடப்பது ஏறக்குறைய நாலரை டன்!

கட்டட வேலையில் சித்தாள்கள் சுமக்கும் இரும்புச் சட்டியில், தூக்கக்கூடிய அளவாக 15 கிலோ அள்ளினால் 300 சட்டி. ஒவ்வொன்றையும் குனிந்து அள்ளி, வழுக்கும் தரையில் நடந்து, கேட்டுக்கு வெளியே கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். இதை 68 வயதுக்காரர் ஒருவர் 'காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்' என்று செய்து முடிக்கப் பார்ப்பதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

60 தாண்டினால் ஏன் ஆபத்து அதிகம்?

முதல் காரணம் இதயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமானதைத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்கெனவே பிபி இருப்பவருக்கு, அடைப்பு இருப்பவருக்கு அது தாங்காது. பிபிக்காகச் சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மழைக்குப் பிந்தைய புழுக்கத்தில் வியர்த்து உடலில் நீர் குறைந்து தலைசுற்றி விழலாம்.

இரண்டாவது, சர்க்கரை நோய். பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சேற்றுக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு குத்தினால்கூடத் தெரியாது. ராத்திரி கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஹவாய் செருப்பு இதற்குப் பாதுகாப்பே கிடையாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்குச் சின்ன வெட்டுக்கூட எளிதில் நிற்காது.

மூன்றாவது, சேறே. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலில் உள்ள கீறல் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அது பரவியபோது, சுத்தம் செய்யப் போனவர்களுக்கு அந்த மாநில அரசு டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பெரிய அளவில் கொடுத்தது. மண்ணிலும் கலங்கிய நீரிலும் இருக்கும் இன்னொரு கிருமியால் மெலியோய்டோசிஸ் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். சேற்றில் இறங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், "வெள்ளச் சேத்துல வேலை பார்த்தேன்" என்று டாக்டரிடம் சொல்வது முக்கியம். தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரேதான் முடிவு செய்ய வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் விஷயமில்லை. கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார்கள் என்பதையும் வீட்டில் யாராவது குறித்து வைத்திருப்பது நல்லது.

நான்காவது, பாம்பு. குவிந்து கிடக்கும் மட்டைக்கும் பலகைக்கும் அடியில் கையை விடுவதற்கு முன்னால் நீளமான கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், வாயால் உறிஞ்சாமல், நேராக அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எது அவசரம், எது காத்திருக்கும்?

எல்லாவற்றையும் அன்றைக்கே முடிக்க வேண்டும் என்ற பதற்றம்தான் பெரியவர்களைச் சேற்றில் இறக்குகிறது. வரிசை தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

முதலில் கரண்ட். தண்ணீரில் மூழ்கிய மோட்டாரையும் பிளக் பாயின்ட்டுகளையும் எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயின் ஆஃப். மரக்கிளை ஒயரில் சாய்ந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. மின்னகம் 94987 94987-க்குப் புகார் செய்ய வேண்டும்.

இரண்டாவது போட்டோ. ஒரு குப்பையைக்கூட அகற்றுவதற்கு முன், தண்ணீர் நின்ற உயரம் சுவரில் தெரிகிற மாதிரி படமும் வீடியோவும் எடுக்க வேண்டும். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற அடிப்படை வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். இடிபாடு, குப்பை அகற்றும் செலவுக்கும் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை கிடைக்கும். இது தெரிந்தவர்கள் குறைவு.

மூன்றாவது வழி. கேட்டிலிருந்து வாசற்படி வரை இரண்டடி அகலத்தில் ஒரு நடைபாதை போதும். அதற்கு 300 சட்டி வேண்டாம். 40 சட்டி அள்ளினால் போதும். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் வர, பால் பாக்கெட் எடுக்க, விழாமல் நடக்க அதுதான் முக்கியம்.

மீதிச் சேறு ஆள் வரும் வரை இரண்டு மூன்று நாள் காத்திருக்கலாம். ஆனால், அதற்கு மேல் விடக்கூடாது. காய்ந்து இறுகிவிட்டால் வேலை இரண்டு மடங்கு ஆகும். விழுந்த மரம், உடைந்த காம்பவுண்டுச் சுவர், செடிகள் எல்லாம் அடுத்த வாரக் கதை.

நிலத்தடித் தொட்டிக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் முழுக்க இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே புழங்க வேண்டும். அந்தப் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்த்தால் நச்சு வாயு வரும். செப்டிக் டேங்கைத் திறந்து எட்டிப் பார்ப்பதுகூட வேண்டாம். அதற்கு லாரிதான். ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

சும்மா உட்காரச் சொன்னால் உட்காருவார்களா?

மாட்டார்கள். அந்த வீடு பிஎஃப் பணத்திலும் கடனிலும் செங்கல் செங்கலாகக் கட்டியது. வாசல் அப்படிக் கிடந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. "சும்மா இருங்க" என்பது அக்கறையில் வரும் வார்த்தைதான். கேட்பவருக்கோ "உங்களால முடியாது" என்றுதான் காதில் விழும்.

அதனால் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தொட்டி மூடி எங்கே, மழைநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, எந்தச் செடிக்கு அடியில் பழைய குழி இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதை வைக்கலாம் எதைத் தூக்கிப் போடலாம் என்று சொல்வது, போட்டோ எடுப்பது, புகார் எண்ணைக் குறித்து வைப்பது, கூலிக் கணக்குப் பார்ப்பது என்று மேஸ்திரி வேலை அத்தனையும் அவர்களுடையது. தூக்குவது மட்டும் அவர்களுடையது இல்லை.

அப்போ ஆளுக்கு எங்கே போறது?

இங்கேதான் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் பங்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆள் தேடுவது மட்டும் வெள்ளம் வந்த பிறகு. செப்டம்பரிலேயே, வழக்கமாக வேலைக்கு வரும் கொத்தனாரிடமோ தோட்டக்காரரிடமோ பேசி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்து வைக்கலாம்.

தனி வீட்டுக்கு ஒருவரைத் தேடுவதைவிட, தெருவில் ஐந்தாறு வீடு சேர்ந்து நாலு பேர் கொண்ட ஒரு குழுவை இரண்டு நாள் பேசினால் அவர்கள் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அவர்களுக்கும் அலைச்சல் மிச்சம். அள்ளிய சேற்றை ஏற்ற ஒரு குட்டியானையைப் பொதுவாக எடுக்கலாம். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு வரிசையில் முதலில். குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே இந்தப் பட்டியலுக்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

வருகிறவர்களும் மனிதர்கள்தான். அவர்களுக்கும் எலிக்காய்ச்சல் வரும், கண்ணாடி குத்தும். நாலு ஜோடி ரப்பர் பூட்ஸும் கையுறையும் தெருப் பொதுச் செலவில் வாங்கி வைப்பது மழைக்காலத்துக்குக் குடை வாங்குவது போன்ற சாதாரண வேலை.

இன்னொன்று லீவு. வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் லீவு எடுக்கிறோம். வெள்ளம் வடிந்த பிறகு இரண்டு நாள் நேரில் வந்து நிற்பது, ஐயாயிரம் பத்தாயிரம் அனுப்புவதைவிட உபயோகம். வரவே முடியாத வெளிநாட்டுப் பிள்ளைகள், ஊரில் இருக்கும் ஒரு நண்பரின் பெயரையாவது பெற்றோரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம்.

அரசின் கணக்கில் வாசல் உண்டா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தமிழக அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. அதே மாதம் தென்மாவட்டங்களில் காயல்பட்டினம் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழையைப் பார்த்தது. அங்கே கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உதவித்தொகை வந்தது. அது தேவையான பணம். அதில் மறுப்பில்லை. ஆனால், சேறு அள்ளும் கைகள் ரேஷன் கடையில் கிடைப்பதில்லை.

பேரிடர் நிவாரண நிதி விதிமுறைகளைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். விளைநிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல், வண்டல் படிந்தால் அதை அகற்ற விவசாயிக்கு உதவி உண்டு. நியாயமான ஏற்பாடு. பொது இடங்களில் இடிபாடுகளை அகற்றவும் செலவிடலாம். தனியாக இருக்கும் 70 வயதுக்காரரின் வாசலில் அதே வண்டல் நாலு அங்குலம் படிந்தால், அது அவர் பாடு.

"சொந்த வீட்டு வாசலுக்கு அரசாங்கம் ஏன் செலவு பண்ணணும்?" என்ற கேள்வி வரும். "ஏரிப் பக்கம் வீடு கட்டுனது யாரு?" என்றும் கேட்பார்கள். நகரம் எப்படி வளர்ந்தது என்பது பற்றிய அந்த விவாதம் நடக்க வேண்டியதுதான். ஆனால், அதற்கான தண்டனையை ஒரு முதியவரின் முதுகெலும்பு சுமக்க முடியாது. தவிர, அள்ள முடியாத சேற்றைப் பலரும் தண்ணீர் விட்டுத் தெருவுக்குத் தள்ளுகிறார்கள். அது நேராக மழைநீர் வடிகாலில் போய்ப் படிகிறது. அடுத்த மழைக்கு அதே தெருவில் தண்ணீர் நிற்கிறது. கொட்டிக் கிடக்கும் டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் நீரில் டெங்கு கொசு வளர்கிறது. வாசல் தனியாருடையது, அதன் விளைவு தெருவுக்கே பொது.

கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்டிலும் முதியவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகளின் பட்டியல். வெள்ளம் வடிந்த முதல் வாரத்தில் அந்த வீடுகளுக்குக் கூலி கொடுத்து அனுப்பும் ஒரு குழு. எந்தத் தெருவுக்குச் சேறு அள்ளும் வண்டி எந்த நாள் வரும் என்று முன்கூட்டியே ஓர் அறிவிப்பு. சென்னையில் 1913, முதியோருக்கான 14567 போன்ற உதவி எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அழைப்பை எடுத்த பிறகு அனுப்ப ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் மீதி.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கைப்படி தமிழக மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம். மழை குறையப் போவதில்லை, வயதும் குறையப் போவதில்லை. அடுத்த பருவமழைக்கு முன் வீட்டுக்குப் போன் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தண்ணி வந்தா, சேறு அள்ள யாரைக் கூப்பிடணும்? அவங்க நம்பர் இருக்கா?" இல்லை என்று பதில் வந்தால், அந்த நம்பரைத் தேடிக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை.